80 வருஷத்துக்கு 20 நாள் முன்னாடி

லண்டன்ல வீடு வாங்கியாச்சுன்னு 2020 நவம்பர்ல அப்பாவுக்கு போன் பண்ணப்போ அவர் கேட்ட முதல் கேள்வி, "சொந்தமாம்மா, லீஸா?" லீஸ்ஹோல்டுதான்ப்பா, இங்க ஃப்ளாட்னாலே பெரும்பாலும் லீஸ்ஹோல்டுதான்னு சொன்னேன். "அப்ப குடுத்த காசு எப்ப திரும்பி வரும்?"னு கேட்டார். அவருக்குத் தெரிஞ்சது நம்மூரு லீஸ். ஓனர்கிட்ட 5 லட்சமோ 8 லட்சமோ மொத்தமா குடுத்துட்டு, வாடகை இல்லாம 3 வருஷம் குடியிருந்துட்டு, காலி பண்றப்போ முழுசா திருப்பி வாங்கிட்டு போறது. இது அது இல்லப்பா, 99 வருஷத்துக்கு வீட்ட வாங்குறோம், நிலமும் கட்டடமும் இன்னொருத்தரோடது, அவருக்கு வருஷா வருஷம் கிரவுண்ட் ரென்ட் கட்டணும்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவரே சொல்லிட்டார், "ஓ, அடிமனை."

ஸ்ரீரங்கத்துல பொறந்து வளர்ந்தவருக்கு இதுக்கு மேல விளக்கம் வேண்டியதில்ல. கோயில் அடிமனையில வீடு இருந்தா விக்கிறப்போ என்ன பாடு, பேங்க்ல லோன் கேட்டா என்ன பாடுன்னு தெருவுல ஒவ்வொரு வீட்டுலயும் பாத்து வளர்ந்தவர். "எத்தனை வருஷம் பாக்கி?"ன்னார். 82ன்னேன். "அது குறைஞ்சுக்கிட்டே வருமேம்மா"ன்னு மட்டும் சொல்லிட்டு பேச்ச மாத்திட்டார். நானும் விட்டுட்டேன், 82 வருஷம்ங்கறது எனக்கு அப்போ ரொம்ப பெரிய நம்பரா தெரிஞ்சுது.

எங்க ஃப்ளாட் இல்ஃபோர்டுல இருக்கு. 2004ல கட்டின சின்ன பிளாக், மொத்தம் 8 வீடு. லீஸ் 2004 ஜனவரி 1ல இருந்து 99 வருஷம். கோவிட் சமயத்துல 5 லட்சம் பவுண்டு வரைக்கும் ஸ்டாம்ப் டியூட்டி கிடையாதுன்னு 2021 மார்ச் வரைக்கும் சலுகை இருந்துது இல்லையா, அதுக்குள்ள முடிக்கணும்னு எல்லாரும் ஓடின ஓட்டத்துல நாங்களும் ஓடினோம். எங்க சொலிசிட்டர், அதாவது வீடு வாங்கறத பாத்துக்கிட்ட வக்கீல், 40 பக்கத்துக்கு ஒரு ரிப்போர்ட் குடுத்தாங்க, அதுல ஏதோ ஒரு பக்கத்துல ஒரே ஒரு வரி, "லீஸில் 82 ஆண்டுகள் மீதமுள்ளன, எதிர்காலத்தில் நீட்டிப்பது பற்றி யோசிக்கவும்". அவ்வளவுதான். அந்த வரிய சிவப்பு மையில எழுதி, போன் போட்டு, உக்கார வச்சு சொல்லியிருக்கணும்னு இன்னிக்கும் எனக்கு கோவம் இருக்கு. ஏன்னு சொல்றேன்.

2022 ஏப்ரல்ல ஒரு நாள் மேல் மாடி அக்கா படிக்கட்டுல நிறுத்தினாங்க. யாழ்ப்பாணத்துக்காரங்க, அந்த பிளாக் கட்டின காலத்துல இருந்தே இருக்காங்க. வீட்ட வித்துட்டு மில்டன் கீன்ஸ்ல மகள் வீட்டுப் பக்கம் போகலாம்னு பாத்திருக்காங்க, வாங்க வந்த ரெண்டு பேரும் கடைசி நேரத்துல ஓடிட்டாங்க. "பிள்ளை, உங்கட லீஸ் எத்தினை வருஷம் கிடக்கெண்டு பாத்தனீங்களே? 80க்குக் கீழ போக விட்டிடாதேங்கோ. அவங்கள் கடிதம் அனுப்பினாலும் கையெழுத்து வச்சிடாதேங்கோ, நாங்கள் தெரியாமல் வச்சிட்டம்"ன்னாங்க. கண்ணு கலங்கியிருந்துது. அவங்க கதைக்கு அப்புறம் வரேன்.

அன்னிக்கு ராத்திரிதான் நான் முதல் தடவையா எங்க லீஸ முழுசா படிச்சேன். அடுத்த ஒரு மாசம் கூகுள், லீஸ்ஹோல்டு அட்வைசரி சர்வீஸோட சைட், 1993 சட்டம்னு அதுலயே கெடந்தேன். இங்கிலாந்துல கிட்டத்தட்ட 48 லட்சம் வீடு லீஸ்ஹோல்டு, அதுல நம்ம ஆளுங்க எத்தனை ஆயிரம் பேர் இருப்பாங்க, ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங்னு, ஆனா கோயில்லயோ கல்யாண வீட்லயோ ஒருத்தர் வாயிலயும் இந்த பேச்சு வந்து நான் கேட்டதில்ல. மார்ட்கேஜ் ரேட் பத்தி மணிக்கணக்கா பேசுவோம், லீஸ் பத்தி பேச மாட்டோம்.

விஷயம் இதுதான். ஃப்ளாட் வச்சிருக்கிறவங்களுக்கு 1993 சட்டப்படி ஒரு உரிமை இருக்கு, மீதி இருக்கிற வருஷத்தோட இன்னும் 90 வருஷம் சேத்து புது லீஸ் கேக்கலாம், கிரவுண்ட் ரென்ட் பூஜ்யம் ஆயிடும், ஃப்ரீஹோல்டர், அதாவது நிலத்துக்கும் கட்டடத்துக்கும் ஓனர், முடியாதுன்னு சும்மா சொல்ல முடியாது. ஆனா அதுக்கு ஒரு விலை குடுக்கணும், பிரீமியம்னு பேரு. அந்த விலைய எப்படி போடறாங்கன்னு புரிஞ்சுக்கிட்டாத்தான் 80ங்கற நம்பர் ஏன் பயங்கரம்னு புரியும்.

வீட்டு மதிப்பு போடற எங்க சர்வேயர் போட்டுக் காட்டின கணக்கையே சொல்றேன். லீஸ் இல்லாம முழுசா சொந்தம்னா வீடு 3 லட்சம் பவுண்டு. 80 வருஷம் கழிச்சு லீஸ் முடிஞ்சா வீடு ஃப்ரீஹோல்டருக்கு திரும்பப் போகணும், இப்ப நாம அத இன்னும் 90 வருஷம் தள்ளிப் போடுறோம், அந்த நஷ்டத்துக்கு ஈடு குடுக்கணும். 80 வருஷம் கழிச்சு வரவேண்டிய 3 லட்சம் இன்னிக்கு தேதியில எவ்வளவு பெறும்? வருஷத்துக்கு 5 சதவீதம்னு பின்னாடி கழிச்சுக்கிட்டே வந்தா சுமார் 6,050 பவுண்டு. இந்த 5 சதவீதம் 2006ல லேண்ட்ஸ் ட்ரிப்யூனல்ல ஒரு கேஸ்ல முடிவானது, செல்சீல நிறைய நிலம் வச்சிருக்கிற ஏர்ல் கடோகனுக்கும் ஸ்போர்டெல்லிங்கறவருக்கும் நடந்த வழக்கு. பணக்காரத் தெருவுல தீர்ப்பான வட்டிதான் எங்க இல்ஃபோர்டு ரெண்டு பெட்ரூமுக்கும் அளவுகோல். அப்புறம் எங்க கிரவுண்ட் ரென்ட் வருஷம் 150 பவுண்டு, அது இனிமே அவங்களுக்கு வராதே, அதுக்கு ஈடா சுமார் 2,130. மொத்தம் சுமார் 8,200. இது 80 வருஷத்துக்கு மேல ஒரே ஒரு நாள் மீதி இருந்தாலும்.

80 வருஷமோ அதுக்குக் கீழயோ வந்துட்டா மூணாவதா ஒண்ணு வந்து ஒட்டிக்கும், மேரேஜ் வேல்யூ. லீஸ் குறைஞ்ச வீடு சந்தையில 2.73 லட்சம்தான் போகும், நீட்டின அப்புறம் 2.97 லட்சம் போகும்னு வைங்க. 24,000 கூடுது. அதுல ஃப்ரீஹோல்டருக்கு ஏற்கனவே குடுக்கற 8,200 போக 15,800 மிச்சம். உங்க லீஸும் அவரோட நிலமும் சேர்ந்ததாலதானே இந்த மதிப்பு வந்துது, அதனால பாதி அவருக்குன்னு சட்டம் சொல்லுது. 7,900. ஆக பிரீமியம் 16,100. ஒரே வீடு, அதே சுவரு, அதே ஜன்னல், ராத்திரி 12 மணி தாண்டினா விலை ரெட்டிப்பு. இந்த 80 வருஷ கோட்ட போட்டது 2002ல வந்த சட்டம். பொண்ணு கல்யாணத்துக்கு சேத்து வச்ச காசு மாதிரி கஷ்டப்பட்டு சேத்த காசுல 8,000 பவுண்டு, ஒரு காலண்டர் தாள் கிழிக்கிறதுல போகுதுன்னா அது எனக்கு நியாயமா படல, இன்னிக்கும் படல.

எங்க லீஸ் 80ஐத் தொடற தேதி 2023 ஜனவரி 1. அப்ப லீஸ நீட்டணும்னு ஃப்ரீஹோல்டருக்கு இப்பவே நோட்டீஸ் குடுத்துடலாமேன்னு மே மாசமே புது சொலிசிட்டர் ஒருத்தர புடிச்சோம், லீஸ் நீட்டிப்பு மட்டுமே பாக்கறவங்க. அவங்க முதல்ல கேட்டது லேண்ட் ரெஜிஸ்ட்ரி காப்பி. அதுல ஓனர் பேர் வர்ற இடத்துல, பேருக்கு முன்னாடி அடைப்புக்குறிக்குள்ள ஒரு தேதி இருக்கும், நான் அது வரைக்கும் அத கவனிச்சதே இல்ல. எங்களோடதுல 04.12.2020. அப்போ இருந்த சட்டப்படி ரெஜிஸ்டர்ல ஓனரா 2 வருஷம் முடிஞ்சாத்தான் இந்த உரிமையே வரும். சாவி வாங்கினது நவம்பர் 27, ஆனா கணக்கு அதுல இருந்து இல்ல, ரெஜிஸ்டர்ல ஏறின நாள்ல இருந்து. அதாவது 2022 டிசம்பர் 4க்கு அப்புறம்தான் நோட்டீஸ் குடுக்கவே முடியும், டிசம்பர் 31க்குள்ள குடுத்தே ஆகணும். 4 வாரம்கூட முழுசா இல்ல, அதுல கிறிஸ்துமஸ் வேற.

இங்கதான் பழைய சொலிசிட்டர் மேல எனக்கு கோவம். வீடு வாங்கறப்பவே, வித்தவங்களையே நோட்டீஸ் குடுக்கச் சொல்லி, அந்த நோட்டீஸோட பலனை நம்ம பேருக்கு மாத்தி எழுதி வாங்கியிருக்கலாம். இது இங்க சாதாரணமா செய்யறதுதான். 2 வருஷம் காத்திருக்கவே வேண்டாம். அந்த ரெண்டு வருஷ விதிய 2025 ஜனவரி 31ல எடுத்துட்டாங்க, இப்ப வாங்கறவங்க ரெஜிஸ்டர்ல பேர் ஏறின உடனே நோட்டீஸ் குடுக்கலாம். அதனால இத படிக்கிற யாராவது 81, 82 வருஷ ஃப்ளாட் பாத்துக்கிட்டு இருந்தீங்கன்னா தயவுசெஞ்சு ஆஃபர் போடறதுக்கு முன்னாடி இந்த செலவையும் விலையில கழிச்சு பேசுங்க.

நவம்பர்ல சர்வேயர் வந்து அளந்து கணக்கு குடுத்தார். நோட்டீஸ்ல நாம ஒரு தொகை எழுதணும், வாய்க்கு வந்தத எழுதக்கூடாது, நியாயமா சொல்லக்கூடிய தொகையா இருக்கணும், 7,000னு எழுதினோம். டிசம்பர் 8 வியாழக்கிழமை ராத்திரி சமையலறை மேசையில, இட்லி மாவு பாத்திரத்த தள்ளி வச்சுட்டு, நானும் இவரும் அந்த நோட்டீஸ்ல, 1993 சட்டத்துல செக்ஷன் 42 நோட்டீஸ்னு பேரு, கையெழுத்து போட்டோம். லீஸ் தேதி, டைட்டில் நம்பர், எங்க பேரு ஒவ்வொரு எழுத்தா ரெண்டு தடவ படிச்சு பாத்தேன், என் பேர்ல இனிஷியல் முன்னாடி வருமா பின்னாடி வருமாங்கற குழப்பம் நம்ம எல்லாருக்கும் இருக்கே, ரெஜிஸ்டர்ல எப்படி இருக்கோ அப்படியே இருக்கான்னு விரல் வச்சு பாத்தேன்.

மறுநாள் தபால்ல போட முடியாது, ராயல் மெயில் ஸ்ட்ரைக். டிசம்பர் 9, 11, 14, 15, அப்புறம் 23, 24ன்னு வரிசையா ஸ்ட்ரைக் அறிவிச்சிருந்தாங்க. தபால்காரங்களோட கோரிக்கையில எனக்கு குறை சொல்ல எதுவும் இல்ல, ஆனா எங்க நெஞ்சு படபடப்பு எங்களுக்குத்தான் தெரியும். சொலிசிட்டர் ஆள் வச்சு நேர்லயே குடுத்துடலாம்னாங்க. ஞாயித்துக்கிழமை ராத்திரி லண்டன்ல பனி கொட்டித் தள்ளுச்சு, காலைல ஜன்னல தொறந்தா கார் எல்லாம் வெள்ளை, ட்ரெயின் எல்லாம் குழப்பம். திங்கக்கிழமை டிசம்பர் 12, 11 மணி 40 நிமிஷத்துக்கு எனக்கு ஒரு போட்டோ வந்துது, ஃப்ரீஹோல்டரோட ஆபீஸ் ரிசப்ஷன் மேசையில ஒரு பழுப்பு கவர், பக்கத்துல கையெழுத்து போட்ட ரசீது. ஆபீஸ் மீட்டிங்ல இருந்து எந்திரிச்சு வெளிய போய் அழுதேன். 80க்கு 20 நாள் முன்னாடி. நோட்டீஸ் குடுத்த தேதியிலயே கணக்கு நின்னுடும், அதுக்கப்புறம் பேச்சுவார்த்தை ஒரு வருஷம் இழுத்தாலும் மேரேஜ் வேல்யூ வராது.

இழுக்கத்தான் இழுத்தாங்க. முதல்ல 10 சதவீத டெபாசிட் கேட்டாங்க, 700 பவுண்டு கட்டினோம். அவங்க சர்வேயர் வந்து லேசர் கருவி வச்சு அளந்துட்டு போனார், பேச்சு கிடையாது. பதில் சொல்ல சட்டப்படி ரெண்டு மாசமாவது அவங்களுக்கு டைம் குடுக்கணும், நாங்க 2023 பிப்ரவரி 20ன்னு குடுத்திருந்தோம், 16ம் தேதி கவுன்டர் நோட்டீஸ் வந்துது, உரிமை உண்டுன்னு ஒத்துக்கிட்டாங்க, ஆனா 14,500 கேட்டாங்க. அப்புறம் ரெண்டு சர்வேயரும் மெயில்ல பேசிக்கிட்டே இருந்தாங்க, ஒவ்வொரு மெயிலுக்கும் பதில் வர மூணு வாரம். இங்க ஒரு குழி இருக்கு, அத எங்க சொலிசிட்டர் சரியா பாத்துக்கிட்டாங்க. கவுன்டர் நோட்டீஸ் வந்த நாள்ல இருந்து 6 மாசத்துக்குள்ள பேச்சு முடியணும், இல்லேன்னா ட்ரிப்யூனல்ல மனு போடணும். ரெண்டும் பண்ணலேன்னா நோட்டீஸே வாபஸ் ஆனதா ஆயிடும், அடுத்த 12 மாசம் புது நோட்டீஸ் குடுக்க முடியாது. எங்களுக்கு அப்படி ஆகியிருந்தா நேரா 80க்குக் கீழ போய் விழுந்திருப்போம், அவங்க செலவையும் கட்டிட்டு. ஜூலைல ட்ரிப்யூனல்ல மனு போட்டாங்க. அதுவரைக்கும் மூணு வாரம் எடுத்த பதில் மூணு நாள்ல வந்துது. ஆகஸ்ட்ல 9,000த்துக்கு முடிஞ்சுது.

செலவு கணக்கு கேக்கறவங்களுக்கு: பிரீமியம் 9,000, எங்க சர்வேயர் 720, எங்க சொலிசிட்டர் 1,440, அப்புறம் அவங்க சொலிசிட்டர், சர்வேயர் செலவும் நாமதான் கட்டணும், அது 2,150. மொத்தம் 13,310. சின்ன காசு இல்ல. ஊர்ல போடலாம்னு வச்சிருந்த காசு அது.

புது லீஸ் 2023 அக்டோபர்ல கைக்கு வந்துது. முடியற தேதி 2192 டிசம்பர் 31. கிரவுண்ட் ரென்ட் போட்டிருக்கிற இடத்துல, கேட்டால் ஒரு மிளகுன்னு இருக்கு. வாடகை ஏதாவது ஒண்ணு இருந்தாத்தான் ஒப்பந்தம் ஒப்பந்தமா இருக்கும்ங்கறதுக்காக ஒரே ஒரு மிளகு மணின்னு எழுதற பழக்கம் இங்க ரொம்ப காலமா இருக்கு. ஒரு காலத்துல நம்ம பக்கத்து மிளகுக்காக கப்பல் விட்டு வந்தவங்க ஊர்ல, ஒண்ணுமே இல்லங்கறதுக்கு மிளகுன்னு எழுதியிருக்காங்க. அப்பாவுக்கு படிச்சு காட்டினேன். "அடிமனை வாடகை ஒரு மிளகா?"ன்னு ரெண்டு தடவ கேட்டார், குரல்ல அவ்வளவு சந்தோஷம்.

இப்ப அக்கா கதை. 2014ல அவங்களுக்கு 89 வருஷம் பாக்கி இருந்தப்போ ஃப்ரீஹோல்டர் தரப்புல இருந்து ஒரு கடிதம் வந்திருக்கு. 4,500 பவுண்டு கட்டினா 125 வருஷமா ஆக்கித் தரோம், சர்வேயர் வேண்டாம், அலைச்சல் வேண்டாம். இத இங்க இன்ஃபார்மல் எக்ஸ்டென்ஷன்னு சொல்வாங்க, 1993 சட்டத்துக்கு வெளிய ரெண்டு தரப்பும் பேசி முடிச்சுக்கறது. சட்டத்துக்கு வெளியங்கறதால அவங்க என்ன நிபந்தனை வேணா போடலாம். கிரவுண்ட் ரென்ட் 150ல இருந்து 300 ஆகும், 10 வருஷத்துக்கு ஒரு தடவ ரெட்டிப்பாகும்னு உள்ள எழுதியிருந்துது. அக்காவோட வீட்டுக்காரர் அப்போ ஆஸ்பத்திரில இருந்திருக்கார், படிக்க நேரமில்ல, கையெழுத்து போட்டு அனுப்பிட்டாங்க. 2024ல 600, 2034ல 1,200, 2044ல 2,400. ஒரு தாள்ல எழுதிக்கிட்டே போங்க, லீஸ் முடியறதுக்குள்ள வருஷ வாடகை 10 லட்சம் பவுண்ட தாண்டும். இத பாத்துட்டுத்தான் வாங்க வந்தவங்களோட பேங்க் ரெண்டும் லோன் குடுக்க மாட்டேன்னுது. 2022 ஜூன் 30ல இருந்து போடற புது லீஸ்ல இப்படி கிரவுண்ட் ரென்ட் போட முடியாதுன்னு சட்டம் வந்துது, ஆனா பழைய கையெழுத்துக்கு அது உதவாது.

அக்காவுக்கும் செக்ஷன் 42 வழி இருக்கு. 90 வருஷம் சேத்து, மிளகு வாடகையோட. ஆனா அந்த ரெட்டிப்பாகற வாடகைய இழக்கறதுக்கு ஃப்ரீஹோல்டருக்கு ஈடு குடுக்கணுமே, எங்க சர்வேயரயே கேட்டோம், 35,000க்கு மேல போகும்னார். எங்களுக்கு 2,130 வந்த அதே இடத்துல.

2024 மே 24ல பாஸான புது சட்டம் இதுக்குத்தான் மருந்து. 90க்கு பதிலா 990 வருஷம், மேரேஜ் வேல்யூவே கிடையாது, கணக்குல கிரவுண்ட் ரென்ட்ட வீட்டு மதிப்புல 0.1 சதவீதத்துக்கு மேல எடுத்துக்கக் கூடாது. அக்கா வீட்டுக்கு அது வருஷம் 300தான். ஆயிரக்கணக்குல மிச்சமாகும். ஆனா இந்த பகுதிகள் இத எழுதற வரைக்கும் அமலுக்கு வரல. பெரிய ஃப்ரீஹோல்டருங்க சேர்ந்து இது எங்க சொத்துரிமைய பறிக்குதுன்னு கேஸ் போட்டாங்க, 2025 அக்டோபர் 24ல ஹைகோர்ட் அத தள்ளுபடி பண்ணிடுச்சு. அதுக்கப்புறமும் தேதி சொல்லல.

அதனால நான் நீட்டலாமா காத்திருக்கலாமான்னு கேக்கறவங்களுக்கு ஒரே பதில் சொல்ல முடியல. 80க்கு மேல ஒண்ணு ரெண்டு வருஷம்தான் பாக்கி, அல்லது சீக்கிரம் விக்கணும், ரீமார்ட்கேஜ் பண்ணணும்னா நான் காத்திருக்க மாட்டேன், வராத சட்டத்த நம்பி இருக்கிற உரிமைய விட மாட்டேன். ஏற்கனவே 80க்குக் கீழ போயாச்சு, விக்கிற அவசரம் இல்லன்னா காத்திருக்கறதுல அர்த்தம் இருக்கு. அக்கா ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு இருக்காங்க, மகள் பக்கத்துல போகணும், விக்க முடியல, 35,000 குடுக்க முடியல. வீட்டுக்காரரும் போய் சேந்துட்டார், தனியா இருக்காங்க.

எங்க ரெண்டு வீடும் ஒரே அளவு. அவங்க சமையலறை எங்க சமையலறைக்கு நேர் மேல. போன தடவ கிரவுண்ட் ரென்ட் கடிதம் வந்தப்போ கீழ தபால் பெட்டிகிட்ட நான்தான் எடுத்துக் குடுத்தேன், அங்கயே நின்னு பிரிச்சாங்க, 600 பவுண்டு. எங்க பெட்டியில அன்னிக்கு ஒண்ணும் இல்ல. கடிதத்த நாலா மடிச்சு கோட்டு பாக்கெட்ல வச்சுக்கிட்டு கேட்டாங்க, "பிள்ளை, அந்தச் சட்டம் வந்திட்டுதே?"

இன்னும் இல்லக்கான்னேன். "சரி, வந்தவுடன சொல்லுங்கோ"ன்னுட்டு படி ஏறிப் போனாங்க. வாரத்துக்கு ஒரு தடவ அரசாங்க சைட்ட பாத்துக்கிட்டு இருக்கேன்.